உட்காராத சம்பந்தி

அங்கம்மா உட்கார மாட்டாள். எழுபத்தாறாம் வருஷம் சேரங்கோட்டுப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் அவளைப் பற்றி முதலில் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். குழந்தைக்குப் பேர் வைக்கக் கூப்பிட்டால் வருவாள், தொட்டிலை ஆட்டுவாள், தாலாட்டுவாள், தேத்தண்ணி குடிப்பாள். எல்லாவற்றையும் நின்றுகொண்டே செய்வாள். பாயை விரித்து உட்காரச் சொன்னால், "இருக்கட்டும் தாயி, இப்பத்தான் ஒக்காந்து எந்திரிச்சேன்" என்பாள். எங்கே உட்கார்ந்தாள் என்று ஒருத்தரும் பார்த்ததில்லை.

அவளுக்குப் பெருமை பிடித்துவிட்டது என்று முதலில் சொன்னது நான்தான். இதில் ஒளிக்க என்ன இருக்கிறது? லயம் என்கிற வரிசை வீடுகளில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். அதுவும் முழுச்சுவரில்லை, மேலே ஓட்டுக்கடியில் ஒரு முழம் திறந்தே கிடக்கும். அவள் கருவாடு வறுத்தால் அந்த வாசத்திலேயே என் வீட்டில் சோறு இறங்கும். அப்படிப்பட்டவள் என் வீட்டுப் பலகையில் ஒரு நாள்கூட உட்காரவில்லை என்றால் எனக்குக் கோபம் வராதா? வந்தது. குழாயடியில் சொன்னேன். மறுநாள் காலையில் பேர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில் அதையே வேறொருத்தி என்னிடம் புதுச்செய்தியாகச் சொன்னாள். நானும் முதல்முறை கேட்கிறவள் போல ஆச்சரியப்பட்டேன்.

உண்மை என்னவென்றால், அவளால் உட்கார முடியாது. அதற்குக் காரணம் ஒரு தகரப்பெட்டி.

நாங்கள் சிலோனில் பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து எழுபத்தைந்தில் கப்பலேறி வந்தவர்கள். புறப்படுவதற்கு முன்பே ஒரு பேச்சு லயம் லயமாகப் பரவிவிட்டது. ராமேஸ்வரத்தில் கண்ணை மூடித் திறப்பதற்குள் பெட்டி காணாமல் போய்விடுமாம். யாருடைய பெட்டி போனது, யார் பார்த்தது, ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒருத்தர் விடாமல் நம்பினோம். ஆகவே எல்லாரும் ஒரே காரியத்தைச் செய்தோம், அவரவர் பெட்டி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டோம். தலைமன்னார் ரயிலில் பெட்டி மேல். கப்பலில் பெட்டி மேல். மண்டபம் முகாமில் சோற்றுக்கு வரிசையில் நிற்கும்போதுகூட வீட்டுக்கு ஒருத்தர் பெட்டி மேல். பிறகு ஊட்டி ஏறி, கூடலூர் இறங்கி, லாரியில் பந்தலூர் வரைக்கும் பெட்டி மேல். என்னிடம் பெட்டி இல்லை, படுக்கை மூட்டைதான் இருந்தது. அதன் மேல் சொகுசாக உட்கார்ந்து வந்தேன். அதனால் எனக்குப் பேசிப்பேசி வாய் மட்டும்தான் வலித்தது.

அங்கம்மாவின் பெட்டி பச்சை நிறம். மூடியின் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை, விரல் தடிமனுக்கு மேலே எழும்பி நிற்கும். உள்ளே இருந்ததெல்லாம் மகள் தெய்வம்மாவின் கல்யாணத்துக்கு: ஐந்து புடவை, ஒரு குத்துவிளக்கு, துணியில் சுற்றிய இரண்டு பித்தளைச் செம்பு. பன்னிரண்டு வருஷமாக ஒவ்வொன்றாகச் சேர்த்தது. அவள் புருஷன் இருளப்பன், நான் கொஞ்ச நேரம் உட்காருகிறேன், நீ எழுந்திரு என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். இருளப்பன் உட்கார்ந்த இடத்தில் தூங்குகிற மனுஷன். அவரை நம்பி அவள் எழுந்திருக்கவில்லை. பதினோரு நாள் அந்தப் பட்டை மேலேயே உட்கார்ந்து வந்தாள்.

நாடுகாணி வளைவில் லாரி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. நாங்கள் எல்லாரும் ஒரு சாண் மேலே போய்க் கீழே வந்தோம். அங்கம்மா நேராக அந்தப் பட்டையின் மேல் வந்து விழுந்தாள். அவள் போட்ட சத்தத்தில் டிரைவர் வண்டியையே நிறுத்திவிட்டார். லாரி மொத்தமும் சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள். பந்தலூரில் இறங்கும்போது இரண்டு பேர் பிடித்துத் தூக்கித்தான் அவளை இறக்கினோம். காலில் ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கும் என்று நாங்களே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டோம்.

அதன் பிறகு நின்றால் நன்றாயிருப்பாள், நடந்தால் நன்றாயிருப்பாள், கொழுந்து கிள்ளுவதில் எங்களுக்கு முன்னால் போவாள். உட்கார்ந்தால் மட்டும் அடியில் ஆணி குத்தும். உட்கார்ந்து எழுந்தால் அந்த ஆணியை யாரோ திருகுவார்கள். வீட்டில் தனியாக இருக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாதி உடம்பைத் தரையிலும் மீதியைக் காற்றிலும் வைத்து உட்கார்ந்து பழகினாள். அப்படியே பழகியதில் வலது பக்க இடுப்பும் பிடித்துக்கொண்டது. சாயங்காலம் நிறைகூடையோடு மேடு ஏறும்போது இடுப்பு தனியாக அழும் என்பாள். பந்தலூர் சந்தையில் இருளப்பன் கரடி நெய் என்று ஒன்றை வாங்கி வந்து பத்து நாள் தடவிவிட்டார். வலி போகவில்லை, லயம் முழுக்க நாற்றம்தான் வந்தது. அதையும் நான் குழாயடியில் சொன்னேன்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கை வலித்தால் கையை நீட்டிக் காட்டலாம். வலிக்கிற இடம் அதுவாக இருந்தால் யாரிடம் காட்டுவது? சொன்னாலும் ஊர் அதை மூலவியாதி என்றுதான் எடுத்துக்கொள்ளும். மூலக்காரி வீட்டில் பெண் எடுக்க யோசிக்கிற ஜனங்கள் நாங்கள். வீட்டில் கல்யாண வயதில் மகள் இருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு பத்து மாதம் நின்றாள்.

அந்த மகளுக்குத்தான் சம்பந்தம் வந்தது. பையன் பொன்னுத்துரை, தேயிலை ஃபேக்டரியில் வேலை. கொழுந்து நிறுக்கிற இடத்தில் தெய்வம்மாவைப் பார்த்துவிட்டு, நிறுவை முடிந்த பிறகும் அங்கேயே நின்றுகொண்டிருந்தவன். அவனுடைய அம்மா காளியம்மாள் சாதாரணப்பட்ட ஆள் இல்லை. சிலோனில் அவளுடைய அப்பா பெரிய கங்காணி. அவர் வாசலில் அங்கம்மாவின் அப்பா தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றவர், ஒருநாளும் உட்காரச் சொல்லப்படாதவர். இங்கே வந்த பிறகு கங்காணி மகளும் கூலி மகளும் ஒரே நிரையில் கொழுந்து கிள்ளினார்கள். காளியம்மாள் அதையெல்லாம் மறந்து, பெண் நல்ல பெண், பேசி முடிப்போம், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள் என்று தானே வந்து கூப்பிட்டாள். அவளைப் பொறுத்தவரை அது மலையிலிருந்து இறங்கி வந்த காரியம்.

பேச்சுத் துணைக்கு என்னையும் கூட்டிப் போனார்கள். வீட்டு நடுவில் ஒரு நாற்காலி. கைப்பிடி வைத்த, பாலிஷ் அடித்த மரநாற்காலி. ஆபீஸ் கிளார்க் வீட்டில் இரவல் வாங்கி, அங்கம்மா உட்காருவதற்கென்றே போட்டிருந்தார்கள். அங்கம்மா அதைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. ஆட்டுக்குட்டி கசாப்புக் கடையைப் பார்ப்பது போல் பார்த்தாள்.

"ஒக்காருங்க மதினி."

"இருக்கட்டும் மதினி."

காளியம்மாள் மறுபடி சொன்னாள். அங்கம்மா மறுபடி இருக்கட்டும் என்றாள். மூன்றாம் தடவை சொல்லும்போது காளியம்மாளின் குரலில் சுருதி ஏறிவிட்டது. நிலைமையைச் சரிசெய்வதாக நினைத்துக்கொண்டு இருளப்பன் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். உட்கார்ந்து கொஞ்ச நேரத்தில் கண் சொருகித் தூங்கிவிட்டார். அங்கம்மா நின்றாள். விருந்தாளி நிற்கும்போது தான் உட்காரக்கூடாது என்பது போலக் காளியம்மாளும் நின்றாள். ஒன்றரை மணி நேரம் இரண்டு பெண்களும் எதிரெதிரே நின்று மழையைப் பற்றியும் காலில் ஏறுகிற அட்டையைப் பற்றியும் பேசினார்கள். கல்யாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை எழவில்லை. தேத்தண்ணியில் ஆடை படிந்தது.

மறுநாள் காளியம்மாள் சொன்னது நிரையெல்லாம் கேட்டது. "எங்கப்பா அவங்கப்பாவ நிக்க வச்சாரு. அந்தக் கோவத்துக்கு இவ எங்க வீட்டுல நின்னு காட்டிட்டுப் போறா. அப்படிப்பட்ட வீட்டுப் பொண்ணு நமக்கு வேணாம்."

சம்பந்தம் முறிந்தது. பொன்னுத்துரை நிறுவைக்களத்தில் நிற்பதை நிறுத்திவிட்டான். தெய்வம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கம் அவள் குரல் கேட்டது. "ஒரு நாழி ஒக்காந்திருந்தா கொறஞ்சா போயிருப்ப? எனக்காக ஒரு நாழி ஒக்காரக் கூடாதாம்மா?"

 அங்கம்மா அடங்கிய குரலில் எல்லாவற்றையும் சொன்னாள். பெட்டி, பட்டை, நாடுகாணிப் பள்ளம், ஆணி, எல்லாம். பெட்டிக்குள் இருந்தது யாருடைய கல்யாணச் சாமான் என்பதை மட்டும் சொல்லவில்லை. தெய்வம்மாவுக்கு அது தெரியும். அம்மாவும் மகளும் அழுவது கேட்டது. இந்தப் பக்கம் நான் என் வாயிலேயே நாலு போட்டுக்கொண்டேன். அப்படியும் ஆத்திரம் அடங்காமல் அடுப்பில் இருந்த சோற்றை அப்படியே விட்டுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். நாளைக்கு மத்தியானம் டிஸ்பென்சரிக்கு என்னோடு வருகிறாய், வராவிட்டால் நானே ஊரெல்லாம் சொல்லிவிடுவேன் என்றேன். என்னைத் தெரிந்தவள், வந்தாள்.

டிஸ்பென்சரியில் நர்ஸ் ஜெஸிந்தா. பேச்சில் கோயமுத்தூர் வாடை. கதவைச் சாத்திவிட்டு அங்கம்மாவைக் கவிழ்ந்து படுக்கச் சொல்லி, விரலால் மெதுவாகத் தொட்டு, இங்கேயா, இங்கேயா என்று கேட்டுக்கொண்டே வந்தாள். ஓர் இடத்தில் அங்கம்மா கட்டிலோடு எகிறினாள்.

"ஏனுங்கக்கா, இது வால் எலும்புங்க" என்றாள் ஜெஸிந்தா.

அங்கம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "வால் இருக்க நான் என்னா கொரங்கா?"

முதுகெலும்பின் கடைசி நுனிக்கு அப்படித்தான் பேர், தோட்டத்து மானேஜர் துரைக்கும் இருக்கிறது, எனக்கும் இருக்கிறது என்று ஜெஸிந்தா சொன்ன பிறகுதான் சமாதானமானாள். துரைக்கும் வால் உண்டு என்பதில் அவளுக்கு ஒரு திருப்தி. இது மூலமில்லை, அடிபட்ட இடம் ஆறுவதற்குள் மறுபடி மறுபடி அழுத்திக்கொண்டே இருந்ததில் வலி தங்கிவிட்டது, ஒருபக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்ததில்தான் இடுப்பும் கெட்டது என்றாள். அந்த எண்ணெய் இந்த நெய் என்று யாரையும் அழுத்தித் தேய்க்க விடாதே. வெந்நீர் ஒத்தடம் கொடு. ஒரே இடத்தில் அரைமணிக்கு மேல் உட்காராதே. உட்காரும்போது முன்பக்கம் குனிந்து உட்கார், எழும்போதும் முன்னால் சாய்ந்து எழு. மூட்டை தூக்கும்போது இடுப்பை வளைக்காதே, முழங்காலை மடக்கு. மலைக்குப் போனால் ஒதுங்க இடமில்லை என்று தண்ணீர் குடிக்காமல் இருக்காதே, மலம் இறுகினால் வலி இரட்டிப்பாகும், கீரையும் பப்பாளியும் சாப்பிடு. கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் போவதில் தகராறு வந்தாலோ, காய்ச்சல் வந்தாலோ அன்றைக்கே ஓடி வா, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புகிறேன். மற்றபடி பொறுமையாக இரு, மாதக்கணக்கில் ஆகும், ஆனால் குறையும். நன்றாக மெத்தென்ற ஒன்றின் மேல், அந்த எலும்பு படுகிற இடம் மட்டும் காலியாக இருக்கிற மாதிரி உட்கார்ந்தால் நல்லது என்று கடைசியாகச் சொன்னாள்.

அப்படி ஓர் ஆசனம் எங்கே விற்கும் என்று நான் கேட்டேன். சென்னைப் பட்டணத்தில் விற்குமாம்.

திரும்பி வரும் வழியில் அங்கம்மா முன்னால் நடந்தாள். ரோட்டோரப் பாலத்துச் சுவர்க்கட்டை அருகே வந்ததும் திடீரென்று நின்றாள். காலையில் கொழுந்து மூட்டை சுமந்த சும்மாடு அவள் இடுப்பில் செருகியிருந்தது, பழைய புடவையைச் சுருட்டி வளையமாக முறுக்கியது. அதை எடுத்துப் பார்த்தாள். நடுவில் இருந்த ஓட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையில் வைக்கிறதைப் போய் என்று முனகிவிட்டு, அதைக் கட்டை மேல் வைத்து, சாமி கும்பிடுகிறவள் போலக் கண்ணை மூடி, இம்மி இம்மியாக இறங்கி உட்கார்ந்தாள்.

"வலிக்கல" என்றாள்.

கண்ணைத் திறந்தாள். "வலிக்கல டீ."

பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்தது. எனக்கும் தொற்றிக்கொண்டது. இரண்டு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். சேரம்பாடி பஸ் வந்து நின்று, ஏறப்போகிறோம் என்று நினைத்துக் கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார். நாங்கள் போகச் சொல்லிக் கையைக் காட்டினோம். அடுத்த பஸ்ஸுக்கும் கையைக் காட்டினோம். பத்து மாதம் கழித்துக் கிடைத்த உட்காரல், அவளுக்கு விட மனமில்லை. ஜெஸிந்தா சொன்ன கணக்குக்கு நடுநடுவே எழுந்து நிற்பாள், உடனே ஆசையோடு மறுபடி உட்காருவாள். மூன்றாவது பஸ் போன பிறகுதான் வீட்டுக்கு வந்தோம். மறுநாள் ஜெஸிந்தாவிடம் காட்டினபோது அவளும் சிரித்துவிட்டு, முழுவட்டம் வேண்டாம், பின்பக்கம் திறந்து லாடம் மாதிரி இருக்கட்டும், நுனி எதிலும் படாது என்று ஒரு திருத்தம் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கம்மா மஞ்சள் பையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். முறிந்த சம்பந்தத்துக்குப் பெண்வீட்டார் கூப்பிடாமல் போவது எங்கள் பக்கம் மானம்போகிற காரியம். கூடப் போன எனக்கே பயம். அவளுக்கு இல்லை.

காளியம்மாள் வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே அவள் புருஷன் செல்லையாவும் பொன்னுத்துரையும் இருந்தார்கள். இந்தத் தடவை நாற்காலி இல்லை, யாரும் உட்காரச் சொல்லவும் இல்லை. அங்கம்மா நேராக உள்ளே போய்ப் பலகையை இழுத்துப் போட்டு, மஞ்சள் பையிலிருந்து லாடச் சும்மாட்டை எடுத்து அதன் மேல் வைத்து, முன்னால் குனிந்து உட்கார்ந்தாள்.

"மதினி, அன்னைக்கி நான் நின்னது கோவத்துல இல்ல. எனக்கு வால் எலும்புல அடி. பதினோரு நாளு பெட்டி மேல ஒக்காந்து வந்தேன். எங்கப்பா நின்னாருங்கிறது எனக்கு ஞாபகமே வரல, அந்த நாற்காலியப் பாத்ததும் அந்த எலும்புதான் ஞாபகம் வந்துச்சு. எம்புள்ளைக்கு ஓங்க வீடு வேணும். அதுக்குத்தான் ஒக்கார வந்திருக்கேன்."

இரண்டு ஆண்கள் முன்னால் சொன்னாள். பத்து மாதம் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்த வார்த்தையை ஒரு நடுக்கமும் இல்லாமல் சொன்னாள். செல்லையா கூரையைப் பார்த்தார். பொன்னுத்துரை தரையைப் பார்த்தான். காளியம்மாள் மட்டும் அசையாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அரைமணியாயிற்று, அப்படியே நின்றாள். எனக்குச் சுள்ளென்று ஏறிவிட்டது. அவள்தான் இறங்கி வந்து உட்கார்ந்துவிட்டாளே, இப்போது நீங்கள் நிற்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேவிட்டேன்.

காளியம்மாள் கதவை விட்டு விலகினாள். பின்கட்டில் பீன்ஸ் கொடி சாய்ந்து கிடக்கிறது, போய்ப் பாருங்கள் என்று ஆண்கள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பினாள். கதவைச் சாத்தினாள். பிறகு அங்கம்மாவின் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"எத்தன பெட்டி மதினி?"

"ஒரே பெட்டிதான்."

"எங்களுக்கு மூணு. ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கி, உச்சியில நான்." கையை நீட்டினாள். "அந்தச் சும்மாட்டச் செத்த குடுங்க."

அவள் அதன் மேல் உட்கார்ந்தபோது வந்த பெருமூச்சு பீன்ஸ் கொடி வரைக்கும் கேட்டிருக்கும். அன்றைக்கு அந்த ஒன்றரை மணி நேரமும் இரண்டு பேரும் ஒரே வலிக்குத்தான் நின்றிருக்கிறார்கள். ஒருத்தி நிற்பதைப் பார்த்து இன்னொருத்தி பெருமை என்று நினைத்திருக்கிறாள். அந்தப் பெருமூச்சைக் கேட்டு அங்கம்மா சிரித்தாள், கங்காணி மகள் அவள் தோளில் அடித்துக்கொண்டு சிரித்தாள். சும்மாடு கை மாறிக்கொண்டே இருந்தது. தேத்தண்ணி இரண்டு முறை வந்தது.

அந்தச் செய்தியை நான் குழாயடிக்குக் கொண்டுபோனேன். இந்தத் தடவை நல்ல காரியத்துக்கு. ஒரு மாதத்துக்குள் பதினான்கு பெண்கள் லாடச் சும்மாட்டோடு வேலைக்கு வந்தார்கள். அத்தனை பேரும் பெட்டி மேல் வந்தவர்கள், அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள். ஜெஸிந்தா பெரட்டுக்களத்துக்கே வந்து எப்படி உட்காருவது, எப்படி எழுவது என்று எல்லாருக்கும் செய்து காட்டினாள். அங்கம்மாவின் வலி முழுக்கப் போய்விடவில்லை. அடைமழைக் காலத்தில் எட்டிப் பார்க்கும். அவளும் வெந்நீரை வைத்து, சும்மாட்டைப் போட்டு, அந்த வலியை ஒரு மூலையில் உட்கார வைத்துவிடுவாள். அதற்குப் பிறகு இருபது வருஷம் கொழுந்து கிள்ளினாள்.

பரிசம் போட்ட அன்று பெண்வீட்டுச் சீராகப் பத்துத் தட்டு வைத்தோம், பழம், பூ, வெற்றிலை, எல்லாம் முறைப்படி. பதினோராவது தட்டில் ஒரு புதுச் சும்மாடு. பச்சைப் பெட்டியிலிருந்த ஐந்து புடவையில் அரக்குப் புடவையை எடுத்து, முந்தானையைக் கிழித்து, பஞ்சு அடைத்துத் தைத்தது. காளியம்மாள் மற்ற தட்டுகளைத் தாண்டி வந்து முதலில் அதைத்தான் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

கல்யாணத்துக்குப் பந்தலூரிலிருந்து போட்டோக்காரர் வந்தார். முன்னால் இரண்டு நாற்காலி போட்டு, மாப்பிள்ளையையும் பெண்ணையும் உட்காரச் சொன்னார். தெய்வம்மா மாட்டேன் என்றுவிட்டாள். அந்தப் படம் என் வீட்டுச் சுவரில்தான் மாட்டியிருக்கிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் மாலையோடு நிற்கிறார்கள். செல்லையா நிற்கிறார், ஜெஸிந்தா நிற்கிறாள், இருளப்பன் நின்றுகொண்டே தூங்குகிறார், நானும் நிற்கிறேன். உட்கார்ந்திருப்பது இரண்டே பேர்.